கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்றால் பகிடிவதை இருக்காதா? வவுனியாத் தாய் ஒருவருக்கு ஒரு பதில்

வவுனியா நெளுக்குளத்தில் இருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மகனுக்குத் தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. "ஃபாதர்மார் நடத்துற இடம், அங்கை பகிடிவதை ஒண்டும் இராது" என்று சொந்தக்காரரில் ஒரு பகுதி சொல்கிறது. "எல்லா இடத்திலையும் இருக்கும், மூண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கச் சொல்லுங்கோ" என்று மற்றப் பகுதி சொல்கிறது. அவன் போவதற்கு முன் தான் என்ன செய்ய வேண்டும், நடந்துவிட்டால் யாரிடம் போக வேண்டும் என்று கேட்கிறார். கடைசியாக இன்னொன்றும் கேட்கிறார்: மன்னிக்கச் சொல்லும் வேதத்தை வைத்துக்கொண்டு முறைப்பாடு கொடுப்பது சரியா? மாணவர் விடுதிகளில் நீண்ட காலம் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பகுதிக்கும் பதில். இரண்டு பேர் சொல்வதும் பிழை.

கிறிஸ்தவ நிறுவனம் என்ற பெயர் யாரையும் காப்பாற்றுவதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பெயரும் சேவையும் நம் எல்லோருக்கும் தெரியும். வன்னியில் இருந்துகூட எத்தனையோ பேர் வைத்தியத்துக்குப் போய் வந்த இடம். அங்கேயே 2022 இல் முதலாண்டு மாணவர்களை அரைகுறை ஆடையோடு விடுதியில் சுற்றி நடக்க வைத்த வீடியோ வெளியே வந்தது. மூத்த மாணவர் ஏழு பேர் இடைநிறுத்தப்பட்டார்கள். அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தில் வீற்றன் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் மிகவும் மதிக்கும் கல்லூரி. 2016 இல் அங்கே அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் புதிதாக வந்த ஒருவனைச் சக வீரர்கள் அறையில் இருந்து தூக்கிக்கொண்டு போய், டேப்பால் கட்டி, பாதி ஆடையோடு ஒரு மைதானத்தில் இரவில் விட்டுவிட்டுப் போனார்கள். அவனுடைய தோள் காயப்பட்டது. அடுத்த வருடம் ஐந்து பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. இவை கெட்ட இடங்கள் என்று சொல்ல வரவில்லை. நல்ல இடங்கள் என்பதனால்தான் சொல்கிறேன். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் ஒரு கூரையின் கீழ் இருந்து, அதில் ஒரு பகுதிக்கு மற்றப் பகுதியின் மேல் அதிகாரமும் கொடுத்து, பெரியவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் விட்டால், சுவரில் எந்தப் படம் தொங்கினாலும் நடப்பது ஒன்றுதான்.

"மூன்று மாதம் பொறு" என்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதைவிடக் கடுமையானது. யாழ்ப்பாணத்தில் இருந்து பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போன வரப்பிரகாஷ் 1997 இல் இறந்த கதை நம் சனத்துக்குத் தெரியும். ஆனால் எப்படி இறந்தார் என்று கேட்டால் "அடிச்சுக் கொன்றுபோட்டாங்கள்" என்று பலர் சொல்வார்கள். அவரைக் கடுமையான உடற்பயிற்சிகள் செய்ய வைத்தார்கள். அதனால் சிறுநீரகம் செயலிழந்துதான் அவர் இறந்தார். வதைத்தவர்களும் தமிழ் மாணவர்கள்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் பகிடிவதையில் மிகச் சாதாரணமாக நடப்பது இந்த டிப்ஸ் (தண்டால்) அடிக்க வைப்பதும் தோப்புக்கரணம் போட வைப்பதும்தான். "உடம்புக்கு நல்லதுதானே" என்று சொல்லித்தான் செய்விப்பார்கள். பழக்கமில்லாத உடம்பு நூறு, இருநூறு என்று நிறுத்தாமல் செய்யும்போது தசைநார்கள் உடைகின்றன. உடைந்த தசையில் இருந்து வரும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது, அங்கே வடிகுழாய்களை அடைக்கிறது. வெயிலும் தாகமும் சேர்ந்தால் இன்னும் விரைவாக நடக்கும். பையன் அன்றிரவு நடந்து அறைக்குப் போவான். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ தொடை வீங்கி, படியிறங்க முடியாமல் இருக்கும். சிறுநீர் பிளேன்டி (பால் விடாத தேத்தண்ணி) நிறத்தில் போகும், அல்லது மிகக் குறைவாகப் போகும். அந்த நிறத்தைக் கண்டால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போய், "என்னைக் கட்டாயப்படுத்தி உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால்தான் வைத்தியர் சிபிகே என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்து நேரத்தோடு சேலைன் ஏற்றுவார். நேரத்துக்குப் போனால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். "விழுந்துட்டன்", "காய்ச்சல்" என்று சொல்லி மறைத்தால் அந்த நேரம் போய்விடும். இன்னொன்று: உடம்பு நோவுக்கென்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போடக் கூடாது. ஏற்கனவே அடிபட்ட சிறுநீரகத்தை அவை இன்னும் கெடுக்கும். இதை மகனுக்கு இப்போதே சொல்லுங்கள். கூடப் படிக்கிறவனுக்கு நடந்தாலும் உதவும்.

சரி, சட்டம். பகிடிவதையை இந்தியாவில் ராகிங் என்பார்கள். இரண்டு கரையிலும் சட்டம் இருக்கிறது, இரண்டும் மாணவர்களின் மரணத்துக்குப் பிறகுதான் வந்தன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மருத்துவ மாணவன் நாவரசு 1996 இல் கொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, 1997 இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதம், கல்லூரியில் இருந்து நீக்கம். அதற்குப் பிறகு, 2009 இல் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிமுறைகள் கொண்டுவந்தது. சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனம், திருச்சபை நடத்தும் நிறுவனம் என்று அதில் யாருக்கும் விலக்கு இல்லை. சேரும்போது மாணவனும் பெற்றோரும் ராகிங்குக்கு எதிரான உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவம் உங்களிடமும் வரும். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ராகிங் தடுப்புக் குழு இருக்க வேண்டும். விடுதிகளைத் திடீரென்று போய்ப் பார்க்கிற ஒரு அணி இருக்க வேண்டும். புதியவர்களை வேறாகத் தங்க வைக்க வேண்டும். முதல் மூன்று மாதமும் பெயர் குறிப்பிடாத கருத்துக்கணிப்பை முதலாண்டு மாணவரிடையே எடுக்க வேண்டும். ராகிங் நடந்தது தெரிந்தால் 24 மணித்தியாலத்துக்குள் நிறுவனத் தலைவரே பொலிஸில் முதல் தகவல் அறிக்கை பதிய நடவடிக்கை எடுக்க வேண்டும். மாணவன் நேரடியாகக் கூப்பிட 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது. இதையெல்லாம் பிள்ளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் "இது எங்கடை உள்விவகாரம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு நிர்வாகி சொன்னால், அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கையில் 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, உடற்காயம் இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. மன வேதனையோ பயமோ உண்டாக்கினாலே அது பகிடிவதை. மற்றது, வளாகத்துக்கு வெளியே நடந்தாலும் குற்றம். வவுனியா வளாகம் இருக்கிற பம்பைமடுவிலும் கிளிநொச்சி வளாகம் இருக்கிற அறிவியல் நகரிலும் பிள்ளைகள் வெளியே வாடகை வீடுகளில்தானே அதிகம் இருக்கிறார்கள், கூத்தெல்லாம் அங்கேதான் நடக்கிறது. "கம்பஸுக்குள்ளை நடக்கேல்லை" என்ற சாட்டு அதனால் எடுபடாது. தண்டனை இரண்டு வருடம் வரை. பாலியல் தொல்லையோ கடும் காயமோ என்றால் பத்து வருடம் வரை. உங்கள் மகன் இந்தியாவுக்குப் போவதால் அவனுக்கு அங்குள்ள சட்டம்தான். இங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இதை வாசிப்பார்கள் என்பதால் சொன்னேன்.

இனிப் போகுமுன் செய்ய வேண்டியவை. நம்முடைய பிள்ளைகளுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது, அதை முதலில் சொல்கிறேன். இப்போது பல்கலைக்கழகம் போகிற வயதுப் பிள்ளைகள் போர் முடிந்த 2009 இல் கைக்குழந்தைகளாகவும் நடை பழகுகிறவர்களாகவும் இருந்தவர்கள். செட்டிகுளம் முகாமில் வளர்ந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். உடம்பில் ஷெல் துண்டோடு இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். தகப்பன் எங்கே என்று கேட்டால் பதில் இல்லாத வீடுகள் இருக்கின்றன. சீனியர்கள் முதல் கேட்பது "உன்ரை கதையைச் சொல்லு" என்பதுதான். சிரிக்கக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் இருக்கும் பையன்களுக்கு வன்னி என்றால் படத்தில் பார்த்த இடம். ஆர்வத்தில் கேட்கிறோம் என்றுதான் அவர்களே நினைப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால், அதைச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை என்று மகனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். "அது வீட்டு விசயம் அண்ணா, நான் கதைக்கிறேல்லை" என்ற ஒரு வசனத்தை அவன் வாயால் சொல்லிப் பழகட்டும். கேட்கச் சின்ன விசயமாக இருக்கும். ஆனால் பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது புதிதாக வசனம் வராது, பழகிய வசனம்தான் வரும்.

உடம்பில் துண்டு இருந்தாலோ, பழைய முறிவு இருந்தாலோ, இழுப்பு, வலிப்பு, இருதயக் குறை இருந்தாலோ, வவுனியா வைத்தியசாலையில் ஒரு மருத்துவக் கடிதம் எடுத்து, ஒரு பிரதி விடுதிப் பொறுப்பாளரிடமும் ஒரு பிரதி அவன் பையிலும் இருக்கட்டும்.

போன் விசயம். அவன் கதைக்கும்போது பக்கத்தில் ஆட்கள் இருக்கலாம், ஸ்பீக்கரில் போடச் சொல்லலாம். அதனால் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். "ஆட்டுக்குட்டி எப்பிடி இருக்கு?" என்று அவன் கேட்டால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். வேறு எதுவாகவும் இருக்கலாம். முதல் மாதம் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கதையுங்கள். நேரம் தவறினால் விடுதிக்கு எடுங்கள். குரல் மாறுவது, காசு அடிக்கடி கேட்பது, வீடியோவில் முகம் காட்ட மறுப்பது, வழக்கமாகச் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்கிற பிள்ளை திடீரென்று "எல்லாம் ஓகே அம்மா" என்று மட்டும் சொல்வது, இவற்றைக் கவனியுங்கள். தாய்க்குத் தெரியும். தெரிந்த பிறகு "சும்மா பயப்படுறன் போல" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்துவதுதான் வேண்டாம்.

நிர்வாகத்திடமும் இப்போதே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முதலாண்டு விடுதி தனியாக உள்ளதா, இரவு யார் பொறுப்பு, அவருடைய போன் எண் என்ன, ராகிங் தடுப்புக் குழுவில் யார் யார். நல்ல இடம் என்றால் இரண்டு நாளில் பதில் வரும். கேள்வி கேட்ட பெற்றோரின் பிள்ளை மேல் கை வைக்கச் சீனியர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள், நிர்வாகமும் கொஞ்சம் கூடக் கவனிக்கும். இது என் அனுபவத்தில் கண்டது.

நடந்துவிட்டால்? உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் அந்த இடத்தை விட்டு வெளியேறி, வைத்தியசாலை அல்லது பொலிஸ். இந்தியாவில் 112, இலங்கையில் பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990. அந்தளவுக்கு இல்லை என்றால் அன்றிரவே எழுத வேண்டும். போனில் ஒரு குறிப்பாக எழுதினாலும் போதும். எத்தனை மணி, எந்த அறை, யார் யார், என்ன சொன்னார்கள், என்ன செய்ய வைத்தார்கள், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெயர் தெரியாவிட்டால் "உயரமான, கண்ணாடி போட்ட, மூன்றாம் வருடம்" என்று எழுதலாம். அதை உடனே உங்களுக்கு அனுப்பட்டும். அனுப்பிய நேரமே சாட்சி. வட்ஸ்அப் செய்திகளை அழிக்கச் சொல்வார்கள், அழிக்குமுன் ஸ்கிரீன்ஷொட். காயம் இருந்தால் படம். ஒளித்து வீடியோ எடுக்கப் போய்ப் பிடிபட வேண்டாம், அது ஆபத்து.

அப்புறம் எழுத்தில் முறைப்பாடு. வாயால் சொன்னது காற்றோடு போகும். நிறுவனத் தலைவருக்கு மின்னஞ்சல், பிரதி ராகிங் தடுப்புக் குழுவுக்கு, உங்களுக்கும் ஒரு பிரதி. 24 மணித்தியாலத்தில் அசைவு இல்லை என்றால் அந்த இலவச எண். வெளிநாட்டு மாணவன் என்றபடியால் "முறைப்பாடு குடுத்தா உன்ரை விசா போயிடும்" என்று மிரட்டுவார்கள். விசா படிப்புக்குக் கொடுக்கப்படுவது, அது எந்தச் சீனியர் கையிலும் இல்லை. சென்னையில் நம்முடைய துணை உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் அங்கேயும் எழுத்தில் அறிவியுங்கள். ஒன்று மட்டும்: முறைப்பாடு கொடுத்த அன்றே அவனை வேறு அறைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். முறைப்பாட்டுக்குப் பிந்திய முதல் இரவுதான் மிகவும் கடினமானது.

பிள்ளை உடைந்து போயிருந்தால், சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், "வாழ்ந்து என்ன" என்கிற மாதிரிக் கதைத்தால், அவனைத் தனியே விடக்கூடாது. இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் எடுக்கலாம். படிப்பைத் தொடர்வதா விடுவதா என்ற தீர்மானத்தை அந்த வாரத்தில் எடுக்க வேண்டாம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. கிறிஸ்தவ நிறுவனங்களுக்கென்றே உள்ள ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பொலிஸுக்குப் போனால் திருச்சபையின் பெயர் கெடும் என்று பயப்படுவார்கள். அதனால் பையன்களைச் சப்பலுக்குக் கூப்பிட்டு, ஒரு ஜெபம் வைத்து, "தம்பி, அண்ணாமாரை மன்னிச்சிடு" என்று கை குலுக்க வைத்து அனுப்பிவிடுவார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள் பலர். ஆனால் அன்றிரவு அதே அண்ணாமாரோடுதான் அவன் அதே விடுதியில் படுக்க வேண்டும்.

இதற்கு ஆதாரமாக மத்தேயு 18 ஆம் அதிகாரத்தை எடுப்பார்கள். சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் முதலில் தனியே போய்ப் பேசு என்ற 15 ஆம் வசனம். அது நியாயமான வசனம்தான். ஆனால் அது ஒரே மட்டத்தில் நிற்கிற இரண்டு சகோதரர்களைப் பற்றியது. பத்துப் பேர் சுற்றி நிற்க நடுவில் முழங்காலில் நிற்கும் பதினெட்டு வயதுப் பையனை, வதைத்தவனிடமே தனியே போகச் சொல்வதற்கு அது எழுதப்படவில்லை. அவன் கேட்காவிட்டால் சாட்சிகளைக் கூட்டிப் போ, பிறகு சபைக்குச் சொல் என்றுதான் அடுத்த வசனங்களும் போகின்றன. மறைத்துவிடு என்று எங்கேயும் இல்லை. அதே அதிகாரத்தின் 6 ஆம் வசனத்தில், சிறியவர்களில் ஒருவனை இடறச் செய்கிறவனுடைய கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் போடுவது நல்லது என்று இயேசுவே சொல்கிறார். விடுதியில் அந்தச் சிறியவன் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மன்னிப்பு என்பது அடிபட்டவன் தன் நேரத்தில், தன் மனதில் இருந்து கொடுப்பது. நிர்வாகம் அவனிடம் வசூலிப்பதல்ல. மன்னித்த பிறகும் முறைப்பாடு நிற்கலாம். அடுத்த வருடம் வரப்போகிற பிள்ளைக்காக அது நிற்க வேண்டும். ஆகவே முறைப்பாடு கொடுங்கள், தங்கச்சி. அதில் பாவம் ஒன்றும் இல்லை.

பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவானவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, அங்கே சொன்னதை அவர் வெளியே சொல்ல முடியாது. ஆகவே மகன் ஒரு ஃபாதரிடம் சொல்வதாக இருந்தால், பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, அலுவலகத்தில் இருந்து சொல்லட்டும். அப்போதுதான் அவரால் நடவடிக்கை எடுக்க முடியும்.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மன்னாரிலும் மாணவர் விடுதி நடத்தும் சபைகளுக்கும் ஒரு வார்த்தை. பதாகை கட்டுவதாலும் முதல் நாள் ஜெபக்கூட்டம் வைப்பதாலும் எதுவும் நிற்காது. இரவு பத்தில் இருந்து ஒரு மணி வரை ஒரு பெரியவர் அந்த நடைபாதையில் நடக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரத்தில். குளியலறைப் பக்கமும் மொட்டைமாடியும் விளக்கில்லாமல் இருக்கக் கூடாது. புதியவர்களை வரவேற்கும் வேலையைச் சீனியர் கூட்டத்திடம் மொத்தமாகக் கொடுக்காமல், ஐந்தாறு புதியவர்களுக்கு ஒரு விரிவுரையாளரோ சபைப் பெரியவரோ என்று பிரித்துக் கொடுங்கள். அவர் கிழமைக்கு ஒருக்கால் அவர்களோடு தேத்தண்ணி குடித்தால் போதும், கதை தானாக வரும். நிர்வாகக் குழுவில் ஒருவருடைய மகன் மாட்டினாலும் அதே விசாரணை, அதே தண்டனை. ஊரில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். விசாரணைக் குழுவில் சபைக்கு வெளியே இருந்து ஒரு சட்டத்தரணியாவது இருக்கட்டும்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று. உங்கள் மகன் அடுத்த வருடம் சீனியர் ஆவான். வதைத்தவர்களில் பெரும்பாலானோர் முதல் வருடம் வதைபட்டவர்கள்தான். தான் பட்டதற்கு ஒரு பெறுமதி வேண்டும் என்றுதான் திருப்பிச் செய்கிறார்கள். முதல் வருட விடுமுறைக்கு வரும்போது, "உனக்கு என்ன செய்தாங்கள்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "அடுத்த பட்ச்சுக்கு நீங்கள் என்ன செய்யிறதாக் கதைக்கிறியள்?" என்றும் கேளுங்கள். கூட்டத்தில் அவன் ஒருவன் மட்டும் மறுப்பது கஷ்டம், இரண்டு பேர் சேர்ந்து மறுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அந்த இரண்டாவது ஆள் யார் என்று அவனுக்குத் தெரியும். விடுமுறை முடிவதற்குள் அந்தப் பையனோடு அவன் ஒருக்கால் போனில் கதைத்து வைத்துக்கொள்ளட்டும்.